படையிறக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டர்: உள்ளே இருந்த நால்வரின் கதி என்ன?

வியட்நாம் போர்ப் படங்களில் ஹெலிகாப்டர்கள் வரிசையாக வந்து வீரர்களை வயலில் இறக்கிவிட்டுப் பறந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்று சுடப்பட்டு விழுந்தால் ஓட்டி வந்தவர்கள் கதி என்ன, யார் காப்பாற்றுவார்கள், அவ்வளவு சுலபமாக அவை ஏன் விழுந்தன, இன்றும் அப்படி நடக்குமா என்பது கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், அடுத்த சில நிமிடங்களில் கூட வந்த இன்னொரு ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டால் தப்பலாம். இல்லாவிட்டால், சற்று முன்பு தாங்கள் கொண்டுவந்து இறக்கிய காலாட்படையோடு வரப்பில் படுத்துச் சண்டை போட வேண்டியதுதான். தூக்க வருகிற ஹெலிகாப்டரும் அதே இடத்துக்கு, அதே துப்பாக்கிகளுக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும். சுடுகிறவனுக்கும் இது தெரியும். முதலில் விழுந்தது அவனுக்கு ஒரு தூண்டில் இரை மாதிரி ஆகிவிடும். விழுந்த குழுவின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது இதுதான்.

முதலில் உள்ளே யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். வியட்நாமில் படையிறக்கத்துக்குப் பெரும்பாலும் பயன்பட்டது பெல் நிறுவனத்தின் யு.எச்.1, எல்லோரும் ஹியூயி என்று சொல்வது. வீரர்களை ஏற்றிச் செல்லும் ஹியூயிக்கு 'ஸ்லிக்' என்று பெயர். அதில் நான்கு பேர் குழு. முன்னால் இரண்டு விமானிகள். அவர்களில் அனுபவம் கூடியவர் ஏர்கிராஃப்ட் கமாண்டர், வழக்கமாக இடது இருக்கையில் உட்காருவார். பின்னால், திறந்த கதவுகளின் ஓரத்தில் ஆளுக்கொரு எம்.60 இயந்திரத் துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒருவர் குரூ சீஃப், இன்னொருவர் கன்னர். குரூ சீஃப் வெறும் துப்பாக்கிக்காரர் இல்லை. அந்த ஹெலிகாப்டரின் மெக்கானிக்கே அவர்தான். பகலில் அதில் பறப்பார், இரவில் அதைப் பழுதுபார்ப்பார். விமானிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வண்டி அவருடையது.

விமானிகளில் பலர் வாரன்ட் அதிகாரிகள் (வழக்கமான அதிகாரிகளுக்கு ஒரு படி கீழே, தொழில்திறனுக்காக நியமிக்கப்படுகிறவர்கள்), இருபது வயதைச் சுற்றியவர்கள். டெக்சாஸில் ஃபோர்ட் வோல்டர்ஸில் பயிற்சி, பிறகு அலபாமாவில் ஃபோர்ட் ரக்கரில் பயிற்சி, அப்புறம் நேராக வியட்நாம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற வயதுப் பையன், பத்து உயிர்களைச் சுமந்துகொண்டு மரங்களுக்கு நடுவே உள்ள ஓட்டையில் இறங்குகிறான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு படையிறக்கம் ஏறத்தாழ இப்படி நடக்கும். முதலில் பீரங்கிகள் இறங்குமிடத்தைச் சுற்றி அடிக்கும். கடைசியாக ஒரு வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டு விழுந்து புகை எழுந்தால், 'பீரங்கி முடிந்தது, வரலாம்' என்று அர்த்தம். உடனே ராக்கெட்டுகளோடு ஆயுத ஹெலிகாப்டர்கள் இருபுறமும் சுட்டுக்கொண்டே முன்னே செல்லும். அவற்றின் வால் பிடித்து ஸ்லிக்குகள் நான்கைந்தாக, சில சமயம் பத்துப் பன்னிரண்டாக அணிவகுத்து வரும். மேலே உயரத்தில் தளபதியின் ஹெலிகாப்டர் வட்டமிடும். தரையைத் தொட்டதும் வீரர்கள் குதிக்க வேண்டும். பத்து வினாடிக்குள் மறுபடியும் கிளம்பிவிட வேண்டும் என்பது இலக்கு. பல நேரம் முழுதாகத் தரையைத் தொடுவதே இல்லை. புல் உயரமாக இருந்தால் ஓராள் உயரத்தில் நிறுத்திவிட்டு 'குதி' என்பார்கள்.

ஆபத்து அந்தக் கடைசி அரை நிமிடத்தில் இருக்கிறது. உயரத்தில் வேகமாகப் போகும் ஹெலிகாப்டரைச் சாதாரணத் துப்பாக்கியால் அடிப்பது கடினம். இறங்க வரும்போது வேகம் குறைகிறது, மூக்கைத் தூக்கி வயிற்றைக் காட்டுகிறது, கடைசியில் அசையாமல் நிற்கிறது. போதாக்குறைக்கு, எங்கே இறங்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஹியூயியின் மேல் விசிறி மட்டுமே 14 மீட்டருக்கு மேல் அகலம். காட்டுப் பகுதியில் நான்கு ஹியூயிகள் சேர்ந்து இறங்கக்கூடிய வெட்டவெளிகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். வட வியட்நாம் படையும் வியட்காங்கும் (தெற்கில் போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) அந்த வெட்டவெளிகளை முன்பே அளந்து, மோர்ட்டார்களைக் குறிவைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். சில இடங்களில் மூங்கில் கழிகளை நட்டுவைத்தார்கள். 12.7 மில்லிமீட்டர் கனரகத் துப்பாக்கிகள் மூன்றை முக்கோணமாக வைப்பது அவர்களுக்குப் பிடித்த ஏற்பாடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றின் வாயில்தான் போய் விழ வேண்டும்.

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விசிறி இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை விமானி உடனே கீழே இறக்கினால், விழும்போது கீழிருந்து மேலே பாயும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும், பனையோலைக் காற்றாடி சுற்றுவது போல. தரை நெருங்கும்போது நெம்புகோலை இழுத்தால் அந்தச் சுழற்சியில் மிச்சமிருக்கும் விசை வேகத்தைத் தணித்து மெதுவாக இறக்கிவிடும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். ஹியூயியின் மேல் விசிறியின் இரண்டு இறக்கைகளும் கனமானவை என்பதால் அதில் இதைச் செய்வது ஒப்பீட்டளவில் சுலபம். ஆனால் இதற்குக் கையில் உயரமாவது இருக்க வேண்டும், வேகமாவது இருக்க வேண்டும். படையிறக்கத்தின் கடைசிக் கட்டத்தில், மர உச்சியளவு உயரத்தில், வேகம் வடிந்துகொண்டிருக்கும்போது இரண்டும் இல்லை. இன்ஜின் போனால், இருக்கிற இடத்திலேயே தடால் என்று உட்கார வேண்டியதுதான். வால் விசிறி அடிபட்டால் இன்னும் மோசம். ஹெலிகாப்டர் தன்னைத்தானே பம்பரமாகச் சுற்றி, பக்கவாட்டில் சாய்ந்து, மேல் விசிறி தரையில் மோதிச் சிதறும். முதலில் குதித்த வீரர்கள் அந்தச் சிதறலில் செத்ததும் உண்டு.

மூன்றாவது வழி, விமானியே அடிபடுவது. ஹியூயியின் மூக்குப் பகுதி முழுக்கக் கண்ணாடி, கால்களுக்குக் கீழேகூடக் கண்ணாடிதான். உடம்பு மெல்லிய அலுமினியத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னாலும் பக்கத்திலும் கவசம் உண்டு, மார்பில் 'சிக்கன் பிளேட்' என்று அவர்கள் கேலியாகச் சொன்ன கனமான கவசத் தட்டு உண்டு. முகத்துக்கும் கால்களுக்கும் ஒன்றும் கிடையாது. அடிபட்டவர் கட்டுப்பாட்டுக் கம்பியின் மேல் சாய்ந்துவிட்டால் ஹெலிகாப்டர் மூக்குக் குத்தி விழும். அதனால்தான் இறங்கும்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தன் பக்கத்துக் கட்டுப்பாடுகளில் லேசாகக் கை வைத்துக்கொண்டே இருப்பார். பின்னால் இருக்கும் குரூ சீஃபுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. இருக்கையின் பின்புறத்தில் உள்ள சிவப்புக் கைப்பிடிகளை இழுத்தால் முழு இருக்கையும் பின்பக்கமாகச் சாயும். அடிபட்ட விமானியை அப்படியே பின்னால் இழுத்துவிடலாம். தரையில் விழுந்த பிறகும் அவர்தான் ஓடிவந்து கதவைத் திறந்து, பக்கக் கவசத்தைத் தள்ளிவிட்டு, விமானிகளை வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளிருந்து அவர்களால் சட்டென்று வர முடியாது.

விழுந்ததில் சாகாதவர்கள் நெருப்பில் செத்த கதைகள் ஏராளம். எண்ணூறு லிட்டருக்கு மேல் ஜே.பி.4 எரிபொருள், சூடான இன்ஜின், எரியக்கூடிய மெக்னீசியம் கலந்த பாகங்கள். தொட்டி கிழிந்தால் வெளியேற வினாடிகள்தான் கிடைக்கும். 1970 வாக்கில்தான் மோதலில் கிழியாத தொட்டிகளும், குழாய் அறுந்தால் தானாக மூடிக்கொள்ளும் இணைப்புகளும் ஹியூயிகளில் வரத் தொடங்கின. அதற்குப் பிறகு, மோதலில் தப்பியவர்கள் நெருப்பில் சாவது கிட்டத்தட்ட நின்றே போனது. இந்தப் போரில் ஹெலிகாப்டர் குழுக்களின் உயிரைக் காத்த கருவிகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆயுதம் இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை.

சரி, விழுந்த பின் நடப்பதற்கு வருவோம். 1963 ஜனவரி 2, மேகாங் டெல்டாவில் அப் பாக் கிராமம். அமெரிக்கா முழுப் போரில் இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. தென் வியட்நாம் வீரர்களை ஏற்றிக்கொண்டு பத்து எச்.21 ஹெலிகாப்டர்கள் வருகின்றன, வாழைப்பழம் போல வளைந்த பழைய ரகம். காவலுக்கு ஐந்து ஹியூயிகள். வியட்காங் வீரர்கள் மர வரிசைக்குள் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். பறக்கும் ஹெலிகாப்டருக்கு எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர்கள். வீரர்கள் இறங்கும் நேரத்தில் சுடத் தொடங்கினார்கள். ஒரு எச்.21 எழ முடியாமல் வயலில் நின்றுவிட்டது. அதன் குழுவைத் தூக்க இன்னொரு எச்.21 இறங்கியது. அதுவும் எழவில்லை. இரண்டு குழுக்களையும் தூக்க ஒரு ஹியூயி வந்தது. இறக்கையில் அடிபட்டுக் கவிழ்ந்தது. பதினைந்தில் பதினான்கு ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டன, ஐந்து விழுந்தன. ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்று. மேலே சிறு விமானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த அமெரிக்க ஆலோசகர் ஜான் பால் வான், கவச வண்டிகளை அனுப்பும்படி வானொலியில் கத்திக்கொண்டிருந்தார். தென் வியட்நாம் அதிகாரிகள் அசைய மணிக்கணக்கானது. அதுவரை அந்தக் குழுக்கள் சேற்றில் கிடந்தன.

அப் பாக்கை ராணுவ வரலாற்றில் வேறு காரணங்களுக்காகப் பேசுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இந்தச் சங்கிலிதான். இதற்குப் பிறகும் விழுந்தவர்களைத் தூக்கப் போவதை யாரும் நிறுத்தவில்லை. ஹெலிகாப்டர்க் கம்பெனிகளில் அது எழுதப்படாத ஒப்பந்தம். நாளை நான் விழுந்தால் நீ வருவாய் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் மறுநாள் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

ஒப்பந்தம் நன்றாக வேலை செய்த நாளும் உண்டு. 1965 நவம்பர் 14, இயா டிராங் பள்ளத்தாக்கு, எக்ஸ்‑ரே என்று பெயரிட்ட வெட்டவெளி. ஹால் மூர் என்ற அமெரிக்க அதிகாரியின் பட்டாலியன் அங்கே இறங்கியது. அன்று ஒரு ஹியூயி இன்ஜினில் அடிபட்டு ஓரத்தில் இறங்கியது, இன்னொன்றின் விசிறி மரக்கிளைகளில் பட்டுச் சேதமானது. இரண்டு குழுக்களையும் மற்ற ஹெலிகாப்டர்கள் உடனே தூக்கிச் சென்றுவிட்டன. நின்றுபோன ஹியூயிகளையும் பிறகு சினூக் என்ற பெரிய இரட்டை விசிறி ஹெலிகாப்டர்கள் கயிற்றில் கட்டித் தூக்கிப் போயின. அதே நாளில், மருத்துவ ஹெலிகாப்டர்கள் இறங்க மறுத்த நிலையில், ஹியூயி விமானிகளான புரூஸ் கிராண்டலும் எட் ஃப்ரீமனும் திரும்பத் திரும்பப் போய் வெடிமருந்தை இறக்கி, எழுபது பேரளவு காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர் ஃப்ரீமனுக்கு 2001‑லும் கிராண்டலுக்கு 2007‑லும்தான் வந்தது. நாற்பது ஆண்டுத் தாமதம், அது தனிக் கதை.

தூக்க யாரும் உடனே வர முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரி வெட்ஸலின் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1968 ஜனவரி 8, அப் டோங் ஆன் என்ற இடத்துக்கு அருகே படையிறக்கம். வெட்ஸல் 173‑வது தாக்குதல் ஹெலிகாப்டர்க் கம்பெனியில் கன்னர், வயது இருபது. அவர்கள் இறங்கிய இடத்தைச் சுற்றிலும் எதிரி. ஹெலிகாப்டர் அங்கேயே மாட்டிக்கொண்டது. அடிபட்ட ஏர்கிராஃப்ட் கமாண்டருக்கு உதவ வெட்ஸல் போனபோது இரண்டு ராக்கெட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் வெடித்து அவரை வயலுக்குள் தூக்கி வீசின. இடது கை போய்விட்டது. வலது கையிலும் மார்பிலும் இடது காலிலும் பலத்த காயம். எழுந்து தள்ளாடி, திரும்பத் தன் துப்பாக்கி இடத்துக்கே வந்தார். அந்த நேரத்தில் அமெரிக்கர் பக்கத்திலிருந்து உருப்படியாகச் சுட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு எம்.60 மட்டும்தான் என்று அவருடைய விருதுக் குறிப்பு சொல்கிறது. தரையில் படுத்திருந்த காலாட்படையை நகரவிடாமல் அடித்துக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கி நிலையை அடக்கும் வரை அவர் விடவில்லை. பிறகு மறுபடி கமாண்டரிடம் போக முயன்று மயங்கினார். தெளிந்ததும் ஊர்ந்து போனார். குரூ சீஃப் அந்தக் கமாண்டரை வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையோடு வெட்ஸலும் சேர்ந்து இழுத்தார். இன்னொரு முறை மயங்கினார். கமாண்டர் பிழைக்கவில்லை. வெட்ஸல் பிழைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஜனாதிபதி ஜான்சன் அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் அணிவித்தார்.

வீரக் கதையாக மட்டும் இதைப் படித்தால் ஒரு விஷயம் விட்டுப்போகும். விழுந்த ஹெலிகாப்டரின் எம்.60 துப்பாக்கிகள் அந்த இடத்துக் காலாட்படைக்குக் கிடைக்கும் பெரிய உதவி. வாகனம் போனாலும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கான ரவைகளும் மிஞ்சும். விழுந்தவுடன் அவற்றைக் கழற்றிக்கொண்டு இறங்குவது குழுவின் முதல் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் .38 ரிவால்வர் மட்டும் வைத்திருந்த விமானிகள்தான் தரையில் நிராதரவானவர்கள். மேலே இருக்கும்போது எல்லாரையும்விட அதிகம் பார்த்தவர்கள், கீழே வந்ததும் எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் நிற்பார்கள். காலாட்படையின் பயிற்சி அவர்களுக்குப் பெயரளவுக்குத்தான். கையடக்க வானொலி, சமிக்ஞைக் கண்ணாடி, பேனா அளவுள்ள ஒளிக்குண்டு ஆகியவைதான் அவர்களுக்குக் கைகொடுத்தன.

அந்த வானொலிக் குரலைக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் ஃபெர்குசன் என்ற ஹியூயி விமானி. 1968 ஜனவரி 31, டெட் தாக்குதல் (வியட்நாம் புத்தாண்டை ஒட்டிக் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய பெருந்தாக்குதல்) தொடங்கிய நேரம், ஹுவே நகரம் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை. அங்கே விழுந்த ஒரு ஹெலிகாப்டரின் ஆட்கள், காயங்களோடு, தென் வியட்நாம் படையினரின் ஒரு வளாகத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் எந்த ஹெலிகாப்டரும் வர வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். ஃபெர்குசன் ஆற்றை ஒட்டித் தாழப் பறந்து, ஒரு ஹியூயி மட்டும் எப்படியோ நுழையக்கூடிய இடத்தில் புழுதிக்குள் இறங்கி, ஐந்து பேரை ஏற்றி, அடிபட்ட ஹெலிகாப்டரோடு திரும்பினார். வேறு யாராவது அதே கணக்கைப் போட்டிருந்தால் ஐந்தைக் காப்பாற்ற நான்கைப் பணயம் வைப்பதா என்று கேட்டிருப்பார். மேலதிகாரிகள் கேட்கத்தான் செய்தார்கள். பல இடங்களில் 'போகாதே' என்பதே சரியான முடிவாகவும் இருந்தது.

அது எங்கே தெரிந்ததென்றால் 1971‑இல், லாவோஸில். லாம் சோன் 719 நடவடிக்கை, பிப்ரவரி 8‑இலிருந்து மார்ச் இறுதி வரை. அமெரிக்கக் காலாட்படை லாவோஸுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. தரையில் தென் வியட்நாம் வீரர்கள், மேலே அமெரிக்க ஹெலிகாப்டர்கள். அதாவது விழும் அமெரிக்கக் குழுவைத் தேடித் தரைவழியாக அமெரிக்கப் படை வர வழியே இல்லை. எதிரியோ இந்த முறை மரத்தடியில் துப்பாக்கியோடு நின்ற கெரில்லா இல்லை. 23, 37, 57 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அடுக்கிவைத்திருந்த முழு ராணுவம். மார்ச் 3 அன்று 'லோலோ' என்ற இறங்குமிடத்தில் மட்டும் 11 ஹெலிகாப்டர்கள் விழுந்தன, 44 சேதமடைந்தன. முன்னால் போனவை எரிவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் இருந்தவை இறங்கின. மூன்று நாள் கழித்து கே சான் தளத்திலிருந்து 120 ஹியூயிகள் லாவோஸிலுள்ள செபோன் ஊர் அருகே 'ஹோப்' என்ற இடத்துக்குப் போய், ஒன்றே ஒன்றை இழந்து திரும்பின. அதற்குமுன் குண்டுவீச்சு விமானங்கள் அந்தச் சுற்றுப்புறத்தைப் புரட்டிப் போட்டிருந்தன. ஒரே விமானிகள், ஒரே வண்டிகள். தரையை முன்னதாக எவ்வளவு அடக்கினார்கள் என்பதுதான் இரண்டு நாட்களுக்கும் வித்தியாசம். மொத்த நடவடிக்கையில் நூறுக்கு மேல் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அழிந்தன, அறுநூறுக்கு மேல் சேதமடைந்தன.

இதை ஒட்டி நம்மவர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம். 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படை மி‑8 ஹெலிகாப்டர்களில் பாரா கமாண்டோக்களையும் சீக்கிய இலகு காலாட்படையினரையும் இறக்க முயன்றது. புலிகள் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டும் விழவில்லை. ஆனால் அந்த அடியால் மேற்கொண்டு ஆட்களைக் கொண்டுவருவது நின்றுபோனது. ஏற்கெனவே இறங்கியிருந்த 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். ஹெலிகாப்டர் விழாமலேயே படையிறக்கம் தோற்கலாம். அடுத்த நடை வராவிட்டால் போதும்.

எதிரி கையில் அகப்பட்டவர்களைப் பற்றி. சிறைப்பட்ட அமெரிக்க விமானிகள் என்றதும் ஹனோய் சிறைதான் நினைவுக்கு வரும். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் வடக்கில் விழுந்த ஜெட் விமானிகள். தெற்கில் பிடிபட்ட ஹெலிகாப்டர் ஆட்களின் நிலை வேறு. காட்டு முகாம்களில், மலேரியாவோடும் பசியோடும் கிடந்தார்கள். பிடித்தவர்களுக்கே சாப்பாடு இல்லாத இடங்கள் அவை. பிறகு சிலர் வாரக்கணக்கில் வடக்கே நடத்திச் செல்லப்பட்டார்கள். 1973‑இல் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த 591 அமெரிக்கக் கைதிகளில் அப்படித் தப்பிய ஹெலிகாப்டர் ஆட்களும் இருந்தார்கள்.

திரும்பாதவர்களைத் தேடுவது இன்னும் நடக்கிறது. மலைச்சரிவில் மோதி எரிந்த ஹெலிகாப்டரில் உடல் என்று எடுக்க எதுவும் மிஞ்சாது. வரிசை எண் பொறித்த உலோகத் தகடு, ஒரு பல், பெல்ட் கொக்கி, இவற்றைச் சல்லடை போட்டுச் சலித்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். லாம் சோன் நடவடிக்கையின் மூன்றாம் நாள், பிப்ரவரி 10 அன்று, லாரி பர்ரோஸ், ஆன்ரி உவே உள்ளிட்ட நான்கு பத்திரிகைப் புகைப்படக்காரர்களை ஏற்றிச் சென்ற தென் வியட்நாம் ஹியூயி ஒன்று லாவோஸ் எல்லைக்குள் சுட்டு வீழ்த்தப்பட்டது. 1998‑இல் அந்தச் சரிவைத் தோண்டியபோது கேமரா பாகங்களும் படச்சுருள் துண்டுகளும் கிடைத்தன. தனித்தனியாக யார் என்று பிரிக்கும் அளவுக்கு எலும்பு கிடைக்கவில்லை. வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்கர்களில் 1,500‑க்கும் மேற்பட்டோர் இன்னும் கணக்கில் வரவில்லை.

இணையத்தில் உலாவும் ஒரு கதையையும் இங்கே தட்டிவிடுகிறேன். 'கதவோரத் துப்பாக்கிவீரரின் ஆயுள் ஐந்து நிமிடம்', 'ஹியூயி விமானியின் ஆயுள் 19 நிமிடம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வியட்நாமில் சுமார் 40,000 ஹெலிகாப்டர் விமானிகள் பணியாற்றினார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர், அதாவது பதினெட்டில் ஒருவர். விமானியல்லாத குழுவினர் சுமார் 2,700 பேர் இறந்தார்கள். பயங்கரமான எண்கள்தான், ஆனால் நிமிடக் கணக்கு வெறும் பீற்றல். போரில் ஈடுபட்ட சுமார் 12,000 ஹெலிகாப்டர்களில் 5,000 அளவுக்கு அழிந்தன. அதில் ஏறத்தாழ பாதி எதிரியின் குண்டால் இல்லை. மோசமான வானிலை, இரவு, புழுதி, அதிகச் சுமை, களைத்துப்போன விமானி, இப்படி விபத்துகளால். ஈரப்பதமும் வெப்பமும் கூடிய காற்றில் ஹியூயிக்குத் தூக்கும் சக்தி குறைந்துவிடும். பத்துப் பேரை ஏற்ற வேண்டிய வண்டியில் ஆறேழு பேரோடு திணறும் நாட்கள் உண்டு.

கடைசிக் கேள்வி, இன்றும் நடக்குமா? ஹியூயிக்கு அடுத்து வந்த பிளாக் ஹாக்கை வியட்நாம் விபத்து அறிக்கைகளை மேசையில் வைத்துக்கொண்டுதான் வடிவமைத்தார்கள் என்று சொல்லலாம். ஒன்றுக்கு இரண்டு இன்ஜின், மோதலின் அதிர்ச்சியை உறிஞ்சும் சக்கரங்களும் இருக்கைகளும், 23 மில்லிமீட்டர் குண்டு துளைத்தாலும் உடனே ஒடியாத இறக்கை, எண்ணெய் முழுக்க வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும் பற்சக்கரப் பெட்டி. 1979‑இல் சேவைக்கு வந்தது. இரவுப் பார்வைக் கருவிகள் வந்த பிறகு, பட்டப்பகலில் இறங்கும் அவசியமும் குறைந்தது.

ஆனாலும் 2002 மார்ச் 4 அன்று ஆப்கானிஸ்தானின் தகூர் கர் மலையில், 3,000 மீட்டருக்கு மேலான உச்சியில், அப் பாக் கதைதான் திரும்ப நடந்தது. ஒரு சிறப்புப் படைக் குழுவை இறக்க வந்த சினூக் ராக்கெட் எறிகுண்டில் அடிபட்டது. அதிலிருந்து ஒரு வீரர் கீழே விழுந்தார், ஹெலிகாப்டர் எப்படியோ பள்ளத்தாக்கில் போய் இறங்கியது. அவரைத் தேடி ஆட்கள் அதே உச்சிக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு உதவ ரேஞ்சர்கள் என்ற அமெரிக்க அதிரடிக் காலாட்படையினரோடு இன்னொரு சினூக், பொழுது விடிந்த பிறகு, அதே இடத்தில் இறங்க வந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் குழுவும் ரேஞ்சர்களும் பனியில் பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள், இருட்டிய பிறகே மீட்பு வந்தது. ஏழு அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

2011 ஆகஸ்ட் 6 அன்று வார்தக் மாகாணத்தின் தாங்கி பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய இழப்பு. நள்ளிரவு தாண்டிய நேரம், பக்கத்தில் அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்கள் காவலுக்கு இருந்தன. தரையிலிருந்த ரேஞ்சர்களுக்குத் துணையாகப் படையினரை ஏற்றி வந்த சினூக், இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தபோது ஒரு ராக்கெட் எறிகுண்டு அதன் பின் விசிறியின் இறக்கையில் பட்டது. விசாரணை அறிக்கையின்படி ஐந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே இருந்த 38 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.